விசில் விதைத்த பாத்தி

லிஃப்ட் மெக்கானிக் அந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்தான். ஆனாலும் சில நாள் காலையில் கண் விழிக்கும்போது வாடகைக்கு வந்தவர் மாதிரித் தோன்றும். எந்தக் கோப்பை யாருடையது, எந்த அலமாரிக் கதவைக் கொஞ்சம் தூக்கித் திறக்க வேண்டும், குளியலறைக் குழாயை எவ்வளவு திருகினால் சொட்டாது என்பதெல்லாம் மற்ற மூன்று பேருக்கும் கைப்பழக்கம். அவர் மட்டும் கேட்டுக் கேட்டுச் செய்தார். சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் "அடிக்கட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் சுத்தியலை எடுப்பார். நாற்பது வயது தாண்டும் வரைக்கும் ஒற்றை அறையில் தனியாக இருந்த மனிதர். அங்கே கேட்பதற்கு ஆள் கிடையாது.

அவர் மனைவி கண்ணாடிக்கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தோதாக பிரேமை வளைத்துக் கொடுக்கும் வேலை. முதல் கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ரெண்டு குழந்தைகள். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஐந்து.

சின்னவனுக்கு மெக்கானிக்கை முதல் நாளே பிடித்துப்போனது. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்களை இவர்தான் போய்க் காப்பாற்றுகிறார் என்று தெரிந்ததும் அவன் வேறு எதுவும் விசாரிக்கவில்லை. "லிஃப்ட் மாமா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். பெரியவள் எதுவுமே கூப்பிடவில்லை. பேச வேண்டியிருந்தால் தொண்டையைக் கனைப்பாள். அவர் திரும்பினதும், "சாப்பிட வரச் சொன்னாங்க" என்பாள். மற்றபடி எல்லாச் செய்தியும் தம்பி வழியாகத்தான் போகும். "டேய், சோப்பு தீர்ந்துபோச்சுன்னு சொல்லு" என்பாள். சோப்பு வாங்க வேண்டியவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

ஒருநாள் மனைவி அவளைக் கண்டித்தபோது மெக்கானிக், "விடு, வாய்க்கு வரும்போது வரட்டும்" என்றார். சொன்னதென்னவோ பெரிய மனதோடுதான். ஆனால் அன்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

உருளைக்கிழங்கு நடலாம் என்று யாரும் திட்டம் போடவில்லை. அடுப்பு மேடைக்குக் கீழே கூடையில் கிடந்ததை எல்லோருமே மறந்துபோயிருந்தார்கள். ஒரு விடுமுறை நாளில் மனைவி கூடையை இழுத்தபோது கிழங்கெல்லாம் சுருங்கி, வெளுத்த முளைகள் விரல் நீளத்துக்கு நீண்டிருந்தன. அவள் குப்பைத்தொட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, இதுக்குக் கொம்பு வந்திருக்கு" என்றான் சின்னவன்.

"கொம்பு இல்லடா, முளை" என்றார் மெக்கானிக். "மண்ணுல வெச்சா செடியா வரும்."

"உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியாது. ஃபோன்ல பார்த்துக்கலாம்."

வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் கொடிக்கும் மதில் சுவருக்கும் நடுவே, ஒரு கட்டிலைப் போட்டால் நிறைந்துவிடும் அளவுக்கு மண் தரை இருந்தது. வீடு கட்டியவர்கள் மிச்சம் மீதியை எல்லாம் அங்கேதான் கொட்டி மூடியிருக்க வேண்டும். கடப்பாரை போட்ட இடமெல்லாம் செங்கல் துண்டும் ஓட்டுச் சில்லும் கிளம்பின. மெக்கானிக் தோண்டத் தோண்ட, சின்னவன் பொறுக்கி வாளியில் போட்டான். பெரியவள் சமையலறைப் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்வதற்காகக் கையில் ஒரு பாடப் புத்தகம்.

அவர் கத்தியை எடுத்துக் கிழங்கை வெட்டப் போனபோதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்படி வெட்டினா கண்ணு ரெண்டா பிளந்துடும்" என்றாள், கத்தியைப் பார்த்து.

அவர் கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். அவள் வந்து வெட்டினாள். பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாளாம். கிழங்கின் மேல் இருக்கும் சின்னக் குழிதான் கண். அதிலிருந்துதான் முளை வரும். ஒரு துண்டுக்கு ஒரு கண்ணாவது இருக்க வேண்டும், கண் இல்லாத துண்டு மண்ணுக்குள் அழுகிவிடும். இத்தனையையும் தம்பியிடம்தான் சொன்னாள். காதில் விழுந்ததை அவரும் எடுத்துக்கொண்டார்.

"கண்ணு சரியா தெரியலேன்னா அம்மா கடைக்குக் கூட்டிட்டுப் போலாம்" என்றான் சின்னவன். பெரியவள் சிரித்துவிட்டாள். அவர் இருக்கும்போது அவள் சிரிப்பது அபூர்வம்.

வெட்டிய துண்டுகளை நிழலில் காய வைத்து, இரண்டு நாள் கழித்து நட்டார்கள். சுவரை ஒட்டினது பெரியவள் வரிசை, கொடிப்பக்கம் இருந்தது சின்னவன் வரிசை. பிற்பாடு சண்டை வரக் கூடாது என்று அவளே குறுக்கே ஒரு கயிறு கட்டினாள். சின்னவன் தன் வரிசையில் ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் ஐஸ்கிரீம் குச்சி ஒன்றைச் செருகி வைத்தான்.

"மாமா, ஒரு துண்டு வெச்சா எத்தனை வரும்?"

"நல்லா வந்தா ஆறேழு வரும்."

"வெக்கறது ஒண்ணே ஒண்ணுதானே?"

"ஆமா. ஒண்ணுதான் வெக்கறோம். அது உள்ளயே பலதா ஆகும்."

சின்னவன் கை மண்ணைக் கூடத் தட்டாமல் யோசித்துக்கொண்டே நின்றான். சும்மா இருக்கத் தெரியாத பையன் அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்ததை மெக்கானிக் கவனித்தார். பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாளே சின்னவன் முதல் குச்சிக்குக் கீழே தோண்டிப் பார்த்துவிட்டு மூடினான். மறுநாளும் பார்த்தான். ஒரு வாரத்தில் அந்தத் துண்டு கொழகொழவென்று ஆகி நாற்றம் எடுத்தது. கையில் ஏந்திக்கொண்டு அழுதபடி வந்தான்.

"தினம் எடுத்து எடுத்துப் பார்த்தா அது எப்படிடா வளரும்?" என்று மெக்கானிக் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "உள்ள அதுபாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும். நாம தோண்டினா வேர் அறுந்துபோயிடும். அப்புறம் செத்துப்போகும். நட்டாச்சுன்னா தொடக் கூடாது."

சின்னவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினான். அவன் ஒன்றைப் புரிந்துகொண்டால் அப்படியே பிடித்துக்கொள்கிறவன். அதன் பிறகு ஒரு தரம்கூடத் தோண்டவில்லை. மற்ற குச்சிகளுக்குப் பக்கத்தில் மண் விரிந்து, கரும்பச்சையாகச் சுருண்ட இலைகள் எட்டிப் பார்த்தபோது வீட்டையே கூப்பிட்டுக் காட்டினான். பெரியவள் தன் ஸ்கேலைக் கொண்டுவந்து வைத்துத் தன் செடிதான் உயரம் என்று நிரூபித்தாள்.

அந்த வீட்டில் ஒரு விசில் இருந்தது. விளையாட்டு வாத்தியார் கழுத்தில் தொங்கிய எஃகு விசில், கறுப்பு நாடாவோடு. ஊதினால் உள்ளே உருண்டை சுற்றித் தெரு முனை வரைக்கும் கேட்கும். பெரியவள் கட்டிலுக்கு மேலே ஆணியில் அது தொங்கும். வாரம் ஒருநாள் எடுத்துத் துடைத்து, மெல்ல ஒரு தரம் ஊதிவிட்டு மாட்டுவாள். அப்பா மைதானத்தில் ஊதியதும் நாற்பது பையன்கள் ஒரே நேரத்தில் நின்றது அவளுக்கு நினைவிருக்கிறது. சின்னவனுக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது. அவன் அப்போது நடை பழகி முடித்த குழந்தை. அப்பா என்றால் அவனுக்கு ஒரு போட்டோவும் அந்தச் சத்தமும்தான். ஒரே ஒரு தரம் ஊதிக்கொள்கிறேன் என்று அவன் கெஞ்சாத வாரம் இல்லை.

"உன் எச்சி பட்டா கெட்டுப்போயிடும்" என்பாள் பெரியவள்.

"உன் எச்சி பட்டா கெடாதா?"

"எனக்குத் துடைக்கத் தெரியும்."

அம்மா சில தரம் சமாதானம் செய்து பார்த்தாள். பெரியவள் முகம் சிறுத்துப்போவதைக் கண்டால் அவளுக்கே மேலே பேச வராது. "விடுடா, நீ பெரியவனானதும் ஊதலாம்" என்று சின்னவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

செடிகள் ஒரு சாண் வளர்ந்திருந்த நேரம். ஒருநாள் மாலை பெரியவள் குளிக்கப் போனபோது சின்னவன் கட்டில்மேல் நாற்காலியை ஏற்றி, அதன்மேல் ஏறி, விசிலை எடுத்தான். ஊதவில்லை. ஊதினால் கேட்டுவிடும் என்பதற்காக மட்டும் இல்லை. அவன் எடுத்தது ஊதுவதற்கே இல்லை. விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேல்பக்கம் ஒரு பிளவு இருந்தது, உள்ளே உருண்டை தெரிந்தது. கண் இருக்கிறது. நாடாவைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, பின்பக்கம் போய், தன் வரிசையின் கடைசியில் கையளவு ஆழத்துக்குக் குழி பறித்து, கண் மேலே பார்க்க விசிலை வைத்து மூடினான். தண்ணீர் ஊற்றினான். ஐஸ்கிரீம் குச்சி ஒன்றைச் செருகினான். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து படம் வரைய உட்கார்ந்தான்.

விசிலைக் காணோம் என்று தெரிந்ததும் வீடே தலைகீழானது. கட்டிலை நகர்த்தினார்கள், மெத்தையைப் புரட்டினார்கள். அம்மா சின்னவனைப் பிடித்து நிறுத்தி, "நீ எடுத்து வெச்சிருக்கியா?" என்று கேட்டாள். "என்கிட்ட இல்லம்மா" என்றான். அவனைப் பொறுத்தவரை அது பொய் இல்லை. பாக்கெட்டை எல்லாம் வெளியே இழுத்துக் காட்டினான். நாடா அவன் தலையணைக்கு அடியிலிருந்து கிடைத்தபோதும், அதை மட்டும் விளையாட எடுத்தேன் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். நட்டதைப் பற்றிப் பேசினால் யாராவது தோண்டுவார்கள், தோண்டினால் செத்துப்போகும்.

பெரியவளுக்கு அவன்மேல் சந்தேகம் வரவில்லை. இவன் எடுத்திருந்தால் எடுத்த நிமிஷமே ஊதியிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு வேறு நினைப்பு வந்தது. போன வாரம்தான் மெக்கானிக் பிள்ளைகள் அறைக்கு வெள்ளையடித்தார். பழைய ஆணிகளை எல்லாம் பிடுங்கி ஓட்டைகளை அடைத்தார். விசில் தொங்கிய ஆணியை மட்டும் தொடாமல் சுற்றிலும் அடித்திருந்தார்.

"அந்த ரூமுக்குள்ள வேற யார் போனாங்க?" என்று மறுநாள் காலை அவள் அம்மாவிடம் கேட்டாள். மெக்கானிக் கூடத்தில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கேட்கட்டும் என்றுதான் கேட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா அவரிடம் வந்து, சாதாரணமாகக் கேட்பது போல, "உங்க டூல்ஸ் பையோட தெரியாம ஏதும் போயிருக்குமா? ஒரு தடவை பாருங்களேன்" என்றாள்.

அவர் பையை அங்கேயே கவிழ்த்துக் காட்டினார். ஸ்பானர், டெஸ்டர், கிரீஸ் டப்பா, வாஷர்கள். விசில் இல்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்தார். அவள் உதவிக்குக் குனிந்தபோது, "நான் பார்த்துக்கறேன்" என்றார். அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் வேலைக்குக் கிளம்பியபோது வழக்கமாகச் சொல்லும் "வரேன்" வரவில்லை.

நான்கைந்து நாள் இப்படியே போனது. சனிக்கிழமை மத்தியானம் அவருக்கு ஓய்வு. மனைவி கடையில், பெரியவள் ஓவிய வகுப்பில், சின்னவன் உள்ளே தூக்கத்தில். செடிகள் நன்றாக எழும்பியிருந்தன. இந்தச் சமயத்தில் தண்டைச் சுற்றி மண்ணை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கிழங்கு வெயில் பட்டுப் பச்சையாகிவிடும் என்று ஃபோனில் பார்த்திருந்தார். சின்ன மண்வெட்டியால் சின்னவன் வரிசையில் மண்ணை இழுத்துக்கொண்டே கடைசிக்கு வந்தார். அங்கே செடி இல்லை, குச்சி மட்டும் இருந்தது. முளைக்காமல் போன துண்டாக்கும் என்று கொத்தினார். டங் என்று ஒரு சத்தம்.

விசிலைக் கையில் எடுத்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆறேழு வரும் என்று சொன்னவர் அவர். நட்டதைத் தொடக் கூடாது என்று சொன்னவரும் அவர்தான். மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

முதலில் வந்தது நிம்மதி. எடுத்துக்கொண்டு போய்க் கூடத்து மேஜைமேல் வைத்தால் போதும், தன்மேல் இருக்கும் சந்தேகம் தீர்ந்தது. அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான் இருந்தது. பையன் தூங்கி எழுந்து வந்து பார்ப்பான். பெரியவள் அவனை உரித்துவிடுவாள். அது கூடப் பரவாயில்லை. தான் சொன்னதை நம்பி, ஒரு தரம்கூடத் தோண்டிப் பார்க்காமல் காவல் காத்துக்கொண்டிருக்கிறவனிடம், அவன் பார்க்காத நேரத்தில் பிடுங்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? மனைவி வரட்டும், அவளிடம் சொல்லி, ரெண்டு பேருமாக யோசித்து அவனிடம் பேசலாம் என்று தோன்றியது. அது வரைக்கும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஆனால் மண் ஈரம். இப்போதே விசிலின் விளிம்பில் துருப்புள்ளிகள் ஏறியிருந்தன.

குழாயடியில் கழுவி, சட்டை நுனியால் துடைத்து, உள்ளே போன மண்ணை ஈர்க்குச்சியால் எடுத்தார். வாஷர்கள் வரும் பிளாஸ்டிக் உறை ஒன்று பையில் இருந்தது. விசிலை அதில் போட்டு, காற்றை அமுக்கி, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினார். திரும்பவும் அதே குழியில் வைத்து மண்ணைத் தள்ளினார்.

நிமிர்ந்தபோது பின்வாசலில் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள். தோளில் வரைபலகை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது எங்க அப்பாவோடது" என்றாள். நேராக அவர் முகத்தைப் பார்த்து அவள் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

"தெரியும்மா."

"பின்ன ஏன் புதைக்கறீங்க?"

"அம்மா வரட்டும். சொல்றேன்" என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. சொல்லும்போதே அது திருடன் பேச்சு மாதிரித்தான் இருந்தது, அவருக்கே.

அவள் உள்ளே போனாள். அழவில்லை, கத்தவில்லை. அம்மாவுக்கு ஃபோன் செய்தாள். அம்மா கடையில் சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"என்னங்க இது? இவ என்னென்னமோ சொல்றா."

"உள்ள வா, சொல்றேன்" என்றார் மெக்கானிக்.

"உள்ள எதுக்கு? இங்கயே சொல்லட்டும்" என்றாள் பெரியவள். பதிலுக்குக் காத்திருக்காமல் சமையலறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். மண்டியிட்டு, குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தோண்ட ஆரம்பித்தாள்.

அந்தச் சத்தத்தில்தான் சின்னவன் எழுந்திருக்க வேண்டும். பாதிக் கண்ணைத் திறந்துகொண்டு பின்வாசலுக்கு வந்தவன், அக்கா எங்கே தோண்டுகிறாள் என்று பார்த்ததும் ஓடிப்போய்க் குழிமேல் குப்புற விழுந்தான்.

"தோண்டாத. தோண்டாதக்கா, செத்துடும்."

"எதுடா சாகும்? எந்திரி."

"விசில். நான் நட்டிருக்கேன். இன்னும் வரல. தோண்டினா செத்துடும்."

பெரியவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். அம்மா கிட்டே போய்க் குனிந்தாள். "நீயாடா வெச்ச? எதுக்குடா?"

அழுகைக்கு நடுவே அவன் சொன்னது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. ஒரே ஒரு விசில்தான் இருக்கிறது. அக்கா தர மாட்டாள். நட்டால் ஆறேழு வரும் என்று மாமா சொன்னார். விசிலுக்கும் கண்ணு இருக்கே, நான் பார்த்துட்டுத்தான் வெச்சேன். "அக்காவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு, மாமாவுக்கு ஒண்ணு" என்று விரலை மடக்கினான். மிச்சம் வருவதை என்ன செய்வது என்று அவன் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

அம்மா சிரிக்கப்போவது போல வாயைப் பொத்தினாள். ஆனால் சிரிப்பு வரவில்லை.

"விசில் முளைக்காதுடா, மக்கு" என்றாள் பெரியவள். திட்டுவதற்கு ஆரம்பித்த குரல் பாதியில் உடைந்துவிட்டது.

சின்னவன் அவளை நம்பவில்லை. திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தான். "மாமா?"

அவருக்கு அந்த நிமிஷத்தில் தப்பித்து ஓடிவிடலாம் போலிருந்தது. பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார். "முளைக்காதுடா. கிழங்குக்கு உயிர் இருக்கு. விசில் இரும்பு. அது எத்தனை நாள் இருந்தாலும் ஒண்ணாத்தான் இருக்கும். நான் உன்கிட்ட இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கணும்."

சின்னவன் குழிக்குள் கையை விட்டு எடுத்தான். பிளாஸ்டிக் உறை, ரப்பர் பேண்ட். அதை அவன் வைக்கவில்லையே. புருவத்தைச் சுருக்கிப் பார்த்தான்.

"இது யார் போட்டது?"

"நான்தான். ஈரத்துல துரு பிடிக்குதேன்னு."

"முளைக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்ல? பின்ன ஏன் திரும்ப வெச்சீங்க?"

"நீ நட்டு வெச்சது. உன்னைக் கேட்காம நான் எப்படிடா எடுக்கறது?"

பெரியவள் கரண்டியிலிருந்த மண்ணை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் குழாயடியில் கழுவி, இருந்த இடத்தில் மாட்டிவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மனைவி காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "டூல்ஸ் பையில பாருங்கன்னு சொன்னேன்ல. தெரியாமப் போயிருக்கும்னு நினைச்சு மட்டும் சொல்லல. ஒரு நிமிஷம் வேற மாதிரியும் தோணுச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பேசாம இருந்தீங்களா?"

"எனக்கும் உன்மேல ஒரு நிமிஷம் வெறுப்பு வந்துச்சு. அதையும் சொல்லல. ஒன்பது மாசம்தானே ஆகுது. ரெண்டு பேருக்கும் இன்னும் கொஞ்சம் நாள் வேணும்."

அவள் கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு, "கடையில நாலு விசில் வாங்கிட்டு வந்துடலாமா? அவனுக்குத்தான்" என்று கேட்டாள். அவரும் அதை யோசித்திருந்தார். "வேணாம். அவன் கேட்டது கடை விசில் இல்ல" என்றார்.

பெரியவள் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. மூன்று நாள் யாரோடும் சரியாகப் பேசவும் இல்லை. நான்காம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் விசிலை எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுத் தேய்த்துத் துரு போக்கினாள். தம்பியைக் கூப்பிட்டுக் கட்டிலில் உட்கார வைத்தாள். "வயித்துல இருந்து ஊதணும். கன்னத்தை உப்பக் கூடாது. அப்பா அப்படித்தான் சொல்லித் தருவாங்க" என்று அவன் வாயில் வைத்தாள். அவன் ஊதிய சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. கூடத்தில் இருந்த மெக்கானிக் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அது அவர்களுக்குள் நடக்கிற விஷயம் என்று உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து அப்பாவைப் பற்றி அவள் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. மைதானம், நாற்பது பையன்கள், மழையில் நடந்த ஓட்டப்பந்தயம். சின்னவன், "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஆனால் பாத்திப் பக்கம் அவன் போவதை நிறுத்திவிட்டான். விசில் முளைக்காது என்றால் உருளைக்கிழங்கும் முளைக்காது என்று அவனாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தான். தண்ணீர் ஊற்றக் கூப்பிட்டால், "அதுவும் சும்மாதான்" என்பான். மெக்கானிக் எத்தனையோ சொல்லிப் பார்த்தார். செடி பூத்தது, வெள்ளையும் ஊதாவுமாக ஏழெட்டுப் பூ. அதைக் காட்டினார். "பூதானே, கிழங்கு எங்க?" என்றான். கிழங்கு மண்ணுக்குள். தோண்டிக் காட்டவும் முடியாது.

நாள் போகப் போக இலைகள் பழுத்தன, தண்டு சாய்ந்தது. இப்போது தண்ணீரை நிறுத்த வேண்டும், இதுதான் முறை என்று ஃபோனில் போட்டிருந்தது. ஆனாலும் காய்ந்து படுத்துக் கிடக்கும் செடிகளை அவர் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால்? செங்கல் மண், சுவர் நிழல் வேறு. ஒரு தரம் ஏமாந்த பையன். ராத்திரி படுக்கும்போது மனைவியிடம், "பேசாம சந்தையில வாங்கி உள்ள போட்டுடவா?" என்று கூடக் கேட்டார். "போங்க" என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தோண்டும் நாளை முடிவு செய்தவள் பெரியவள். ஒரு விடுமுறைக் காலையில் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாள். தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நான் வரல. செத்துப்போச்சு" என்றான்.

"செத்திருந்தா செத்ததைப் பார்க்கலாம். வா."

மண்வெட்டி போட்டால் கிழங்கு வெட்டுப்பட்டுவிடும் என்று கையால் தோண்டச் சொன்னாள். முதல் செடியைத் தண்டோடு பிடித்து இழுத்தபோது வேர்தான் வந்தது. நடுவில் கறுத்துச் சுருங்கி, தோல் மட்டும் மிஞ்சின ஏதோ ஒன்று. "இது என்ன?" என்று கேட்டாள். தம்பி வழியாகக் கேட்கவில்லை, தொண்டையைக் கனைக்கவும் இல்லை.

"அதுதான் நாம நட்ட துண்டு" என்றார் மெக்கானிக். "இருந்ததை எல்லாம் செடிக்குக் குடுத்துடுச்சு."

அவள் அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். சின்னவன் அதற்குள் குழிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டிருந்தான். அவன் முகம் மாறியது. மெல்ல ஒன்றை வெளியே எடுத்தான். கோழிமுட்டை அளவு, மெல்லிய தோல், விரல் பட்ட இடத்தில் உரிந்தது. திரும்பவும் கையை விட்டான். இன்னொன்று. அப்புறம் கோலிக்குண்டு மாதிரி மூன்று. எடுத்து எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டே போனான். நடுவில் ஒரு தரம் மட்டும் மெக்கானிக்கைப் பார்த்து, "நீங்க வெக்கலல்ல?" என்று கேட்டான்.

"இல்லடா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அதன் பிறகுதான் சிரித்தான்.

பெரிய விளைச்சல் என்று சொல்ல முடியாது. ஒரு சோற்றுப் பானையில் பாதி வந்தது. வெயில் பட்டுப் பச்சையாக இருந்த ரெண்டு மூன்றை ஒதுக்கிப் போட்டார்கள். மற்றதை மனைவி கழுவித் தோலோடு வேகவைத்தாள். சமையலறை முழுக்க மண்வாசனை கலந்த ஆவி. தட்டில் கொட்டி, உப்பும் மிளகும் தூவி, எது யாருடைய வரிசை என்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது மெக்கானிக்குக்கு ஃபோன் வந்தது. ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறது.

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் வண்டியை உதைக்கும்போது பெரியவள் ஓடிவந்தாள். செய்தித்தாளில் சுற்றின பொட்டலம் ஒன்றை நீட்டினாள்.

"சூடா இருக்கு. பார்த்து" என்றாள்.

அவர் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். போகும் வழியெல்லாம் அது நெஞ்சில் சுட்டுக்கொண்டே வந்தது. கட்டடத்துக்குப் போய், மேலே மெஷின் அறைக்கு ஏறி, கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டைத் தளத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து கைப்பையை மார்போடு அணைத்தபடி ஓர் அம்மா வெளியே வந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, படியில் இறங்கியே போய்விட்டாள்.

அவர் அதே படியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டு கிழங்கு. அக்கா வரிசையா தம்பி வரிசையா என்று திருப்பிப் பார்த்தார். தெரியவில்லை, வெந்த பிறகு எல்லாம் ஒரே மாதிரிதான். ஒன்றில் உப்பு அதிகம், இன்னொன்றில் இல்லவே இல்லை. ரெண்டையும் மாற்றி மாற்றிக் கடித்துத் தின்றார்.